மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி: நாலாவது மாத்திரையா, கருவி சிகிச்சையா?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அப்பா மூன்று பிபி மாத்திரை போடுகிறார். அப்படியும் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைச் சூடு வைத்து அடக்கும் சிகிச்சை வந்திருக்கிறது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். செய்துவிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மகனோ மகளோதான். கையில் ஒரு எஸ்டிமேட் இருக்கும். சீக்கிரம் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியும் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீனல் டிநெர்வேஷன் என்ற இந்தச் சிகிச்சை பலன் தருவது உண்மை. ஆனால் சராசரியாகப் பார்த்தால், இன்னொரு மாத்திரை எவ்வளவு குறைக்குமோ ஏறக்குறைய அவ்வளவுதான் இதுவும் குறைக்கிறது. மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு இது கொண்டுபோகும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நாலாவது மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்து எடைபோடுங்கள்.

இன்னொன்று. பிபி 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரே கேஷுவால்ட்டிக்குப் போங்கள். இங்கே எழுதுவது, ஆற அமர முடிவெடுக்க அவகாசம் உள்ளவர்களுக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளோடு பார்க்கப் போகிறேன்.

1. அந்தச் சிகிச்சை செய்யாதவர்களைவிட எத்தனை புள்ளி (பிபி மெஷின் காட்டும் mmHg அலகில்) கூடுதலாகக் குறைந்தது?
2. ஒத்துவராவிட்டால் நிறுத்த முடியுமா?
3. முதல் பில்லுக்குப் பிறகு என்னென்ன செலவு வரும்?
4. இவருக்கு பிபி ஏறியிருக்கும் காரணத்தோடு அது பொருந்துகிறதா?

நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பணமும் உடம்பும் வீணாவது பெரும்பாலும் அதைக் கேட்காமல் விடுவதால்தான்.

## முதலில்: பிபி உண்மையிலேயே அடங்காததுதானா?

மூன்று வெவ்வேறு வகை மருந்துகளை, அவற்றில் ஒன்று நீர் மாத்திரையாக (உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது), தாங்கும் அளவுக்கு முழு டோஸில் ஒழுங்காகச் சாப்பிட்டும் இலக்குக்கு வராவிட்டால்தான் அடங்காத பிபி என்று பெயர். டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, எப்போதாவது ஒரு நீர் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தால் அது இன்னும் அந்தக் கணக்கில் வராது.

மும்பையில் நீர் மாத்திரைக்கு என்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. டோம்பிவிலியிலோ கல்யாணிலோ ஏறி சிஎஸ்எம்டி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டத்தில் நின்று போகிறவர், காலையில் நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லோக்கலில் ஏற முடியாது. அதுவும் பெண்களுக்கு ஸ்டேஷனில் ஒரு சுத்தமான கழிப்பறை கிடைப்பதே பெரும் பாடு. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார்கள், டாக்டரிடம் சொல்வதில்லை. டாக்டர் மூன்று மருந்தும் தோற்றுவிட்டது என்று எழுதுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா, வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாலே வழி பிறக்கும்.

அடுத்தது அளவு. கிளினிக்கில் ஒரு தடவை எடுத்த 168-ஐ வைத்து யாரும் தமனிக்குள் கேதீட்டர் என்ற மெல்லிய குழாயை விடச் சம்மதிக்கக் கூடாது. வீட்டில் ஏழு நாள், காலை இரண்டு மாலை இரண்டு என்று எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். வீட்டில் 135/85 வரம்பு. 24 மணி நேரம் கையில் கட்டிக்கொள்ளும் மானிட்டர் இன்னும் நல்லது, அதில் சராசரி 130/80 வரம்பு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு தப்பாகக் கூடிக் காட்டும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் வீட்டிலேயே இருக்கும் காரணங்கள். மூட்டுவலிக்குத் தினமும் போடும் வலி மாத்திரை. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத மூட்டுவலிப் பொடி. இருமலுக்கு என்று மாதக்கணக்கில் சாப்பிடும் அதிமதுரம், இது பொட்டாசியத்தைக் குறைத்து பிபியை ஏற்றும். மூக்கடைப்பு மாத்திரை. உப்பைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராம். ஊரிலிருந்து வரும் கருவாடு, அப்பளம், ஊறுகாயோடு இங்கத்திய சேவும் சிவடாவும் சேர்ந்தால் அந்த 5 கிராம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

கடைசியாக, மறைந்திருக்கும் நோய்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அடங்காத பிபிக்கு முக்கியமான காரணம். ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளக்கும் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தெரிந்துவிடும். அதற்கு வைத்தியமே வேறு, சிலருக்கு ஒரு பக்கச் சுரப்பியை எடுத்தால் போதும். கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சிறுநீரகத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை. இவை முடியாமல் எஸ்டிமேட் கையில் வந்திருந்தால், வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம்.

## நாலாவது மாத்திரை

இது கருவி இல்லை. ஆனாலும் எல்லாக் கருவிகளையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால் முதலில் வைக்கிறேன்.

2015-ல் வெளியான பாத்வே-2 என்ற பிரிட்டிஷ் ஆய்வில், மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் 25 முதல் 50 மி.கி. கொடுத்தார்கள். வீட்டில் எடுத்த மேல் அளவு, வெற்று மாத்திரை சாப்பிட்டபோது இருந்ததைவிட 8.7 புள்ளி குறைந்தது. பழைய, விலை குறைந்த மருந்து.

நிறுத்த வேண்டுமென்றால் அன்றைக்கே நிறுத்தலாம். மறைந்திருக்கும் செலவு, ரத்தப் பரிசோதனை. டெல்மிசார்டான் வகை மருந்தோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறலாம், அதனால் ஆரம்பித்த ஓரிரு வாரங்களிலும் பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும். தினமும் இளநீர் குடிப்பவர்களும், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டாசியம் உப்பைப் பயன்படுத்துபவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். கூச்சப்பட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள், காரணத்தைச் சொல்வதில்லை. எப்ளெரினோன் என்ற மாற்று இருக்கிறது, விலை கூடுதல், அந்தத் தொந்தரவு குறைவு.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் ஆபத்தாகலாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. நாலாம் கட்டச் சிறுநீரக நோயாளிகளுக்கு குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை கொடுத்துப் பார்த்த 2021 ஆய்வில், 24 மணி நேர மேல் அளவு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் பத்துப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. இவர்களை நரம்பைச் சுடும் சிகிச்சைக்குப் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதால் இந்தச் செய்தி முக்கியம்.

## ரீனல் டிநெர்வேஷன்

கேள்விகள் எல்லாம் இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சிறுநீரகத் தமனியின் வெளிச்சுவரைச் சுற்றி நரம்புகள் ஓடுகின்றன. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே "உப்பைப் பிடித்து வை, ரெனினைச் சுர" என்ற வகைச் செய்திகளைக் கொண்டுபோவது இவைதான். தொடையிடுக்கில் ஊசி துளைத்து, ஆஞ்சியோ செய்வது போலவே கேதீட்டரை இரண்டு தமனிக்குள்ளும் அனுப்பி, உள்ளேயிருந்தே அந்த நரம்புகளைச் சூடாக்கி அழிக்கிறார்கள். இரண்டு முறைகள் உண்டு. ரேடியோ அலை முறையில் சுருள் வடிவக் கேதீட்டரில் நான்கு மின்முனைகள் இருக்கும். அல்ட்ராசவுண்ட் முறையில் பலூனுக்குள் தண்ணீர் ஓடித் தமனியின் உட்சுவரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க, வெப்பம் வெளியே இருக்கும் நரம்பைத் தாக்கும். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டுக்கும் 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. இந்தியாவிலும் பெரிய இதய மருத்துவமனைகள் சிலவற்றில் செய்கிறார்கள்.

எண்களைப் பார்க்கும்போது இதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 2010-ல் வந்த சிம்ப்ளிசிட்டி-2 ஆய்வில் ஆறு மாதத்தில் மேல் அளவு 32 புள்ளி இறங்கியது. உலகமே வியந்தது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்கு இருந்தவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. 2014-ல் சிம்ப்ளிசிட்டி-3 வந்தது. 535 பேர். இதில் ஒரு பகுதியினருக்குத் துளை போட்டு ஆஞ்சியோ மட்டும் செய்து, நரம்பைத் தொடாமல் அனுப்பினார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் நரம்பைச் சுட்டவர்களுக்கு 14 புள்ளி குறைந்தது. சுடாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 12 குறைந்தது! வித்தியாசம் இரண்டரைப் புள்ளிகூட இல்லை.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? கண்காணிப்பில் இருக்கிறோம் என்றால் மனிதர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள், உப்பைக் குறைக்கிறார்கள். உச்சத்தில் இருக்கும்போது எடுத்த அளவு தானாகவே கொஞ்சம் இறங்கும். "என் மாமாவுக்கு செய்தபிறகு இருபது புள்ளி குறைந்தது" என்று யாராவது சொன்னால் இந்தப் பன்னிரண்டை மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேதீட்டரை மாற்றி, ஆய்வையும் இறுக்கமாக்கி மறுபடி செய்தார்கள். 2020-ல் வந்த ஸ்பைரல் ஆய்வில் மருந்து இல்லாமல் இருந்தவர்களிடம் 24 மணி நேர மேல் அளவு, போலி சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறக்குறைய 4 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. 2023-ல் வெளியான ரேடியன்ஸ்-2 அல்ட்ராசவுண்ட் ஆய்வில் பகல்நேர அளவில் 6.3 புள்ளி. நம் கேள்விக்கு மிக நெருக்கமானது ரேடியன்ஸ் ட்ரையோ. மூன்று மருந்தையும் ஒரே மாத்திரையாகக் கொடுத்தும் அடங்காத 136 பேர். இரண்டு மாதத்தில் வித்தியாசம் 4.5 புள்ளி. அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அடங்காதவர்களுக்கு, இரு பக்கத்திலும், ஸ்பைரனோலாக்டோன் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆறாவது மாதத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டன. நரம்பைச் சுட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது. அதாவது சிகிச்சையின் மதிப்பு ஒரு மாத்திரைக்குச் சமம் என்று அந்த ஆய்வே காட்டிவிட்டது.

ஐந்து புள்ளி என்பதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மருந்து ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில், மேல் அளவு ஐந்து புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்தில் ஒரு பங்கு குறைகின்றன.

இனி மற்றக் கேள்விகள். அழித்த நரம்பை நிறுத்தி மீட்க முடியாது. நல்ல பலன் கிடைத்தவர்களுக்கு அது சில வருடங்கள் நிலைக்கிறது. கணிசமானவர்களுக்குப் பலனே தெரிவதில்லை, யாருக்குத் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் இல்லை. கேத் லேப் மேஜையில் படுத்திருக்கும்போதே நரம்பு செத்ததா என்று உறுதிசெய்யும் எளிய வழியும் வழக்கத்தில் இல்லை. சூடு வைக்கும்போது வலிக்கும், அதனால் மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுப்பார்கள். துளைத்த இடத்தில் ரத்தம் கட்டலாம். தமனிச் சுவர் கிழிவதோ பிறகு சுருங்குவதோ அபூர்வம். பலன் மெதுவாக, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் வரும், அதுவரை பழைய மாத்திரைகள் தொடரும்.

என் பார்வையில் இது யாருக்குப் பொருந்தும்: 24 மணி நேர மானிட்டரில் அடங்காதது உறுதியாகியிருக்க வேண்டும். நாலாவது மாத்திரையைச் சோதித்துப் பார்த்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்க வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 40-க்கு மேல் இருக்க வேண்டும், தமனி அடைப்பில்லாமல் போதிய அகலத்தோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே பக்கவாதமோ மாரடைப்போ வந்து, ஒவ்வொரு புள்ளியும் கணக்காகும் நிலையில் இருப்பவருக்கு இதன் மதிப்பு கூடும். 2024 ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதலும் இதை "பரிசீலிக்கலாம்" என்ற இடத்தில்தான் வைக்கிறது, அதுவும் அனுபவமுள்ள மையத்தில், நோயாளியோடு பேசி முடிவெடுத்து. மாத்திரை சேர்க்கவே மனம் ஒப்பாதவரின் விருப்பமும் ஒரு நியாயமான காரணம்தான். எண்கள் தெரிந்து எடுத்த விருப்பமாக இருந்தால் போதும்.

## குறட்டை உள்ளவர்களுக்கு சிபேப்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரம் இது. ஸ்பெயினில் அடங்காத பிபியோடு இந்தத் தொல்லையும் இருந்த 194 பேரிடம் செய்த ஆய்வில் 24 மணி நேர சராசரி அழுத்தம் சுமார் 3 புள்ளி குறைந்தது. அதிக நேரம் போட்டவர்களுக்கு அதிகம் குறைந்தது.

துளை இல்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம். கழற்றி வைத்துவிடுவதுதான் இதன் பெரிய பிரச்சினையும். ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது போடாவிட்டால் பணம் தண்டம். முகமூடி, ஃபில்டர், குழாய் எல்லாம் தேய்ந்து மாற்ற வேண்டியவை. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் மும்பை வீட்டில் சத்தத்துக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் முதலிலேயே யோசிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பகலில் தூங்கி வழிவது நிற்பதே பலருக்குப் பெரிய லாபம், பிபி குறைவது அதன் மேல் வரும் வரவு.

## சிறுநீரகத் தமனியில் பலூன், ஸ்டென்ட்

இதையும் டிநெர்வேஷனையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கு மட்டும். வயதாகிக் கொழுப்பு படிந்து வரும் அடைப்பா, வேறு காரணமா என்பதைப் பொறுத்துப் பதில் முற்றிலும் மாறும்.

கொழுப்பு அடைப்பு என்றால் அவசரப்படாதீர்கள். கோரல் என்ற ஆய்வு, 947 பேர், 2014. மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு மேல் அளவு இரண்டு புள்ளி சொச்சம் கூடுதலாகக் குறைந்தது. மாரடைப்பிலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ வித்தியாசம் இல்லை. திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர் போன்ற சிலருக்கு மட்டும் ஸ்டென்ட் உதவலாம்.

இளம் பெண்ணுக்கு 25 வயதில் பிபி 180 என்றால் கதை வேறு. தமனிச் சுவரின் தசைநார் வளர்ச்சிக் கோளாறாக இருந்தால் வெறும் பலூனே பிபியைப் பெரிதும் குறைத்துவிடக்கூடும். நம் நாட்டில் இளம் வயதினருக்குத் தமனியில் அழற்சி வரும் டகாயாசு நோயும் ஒரு முக்கியமான காரணம். அதில் அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகுதான் தமனியைத் தொட வேண்டும், முந்திக்கொண்டால் மறுபடி அடைக்கும். இளம் வயதில் பிபி என்றால் டாப்ளரும் இரு கைகளிலும் பிபி எடுப்பதும் கட்டாயம்.

## கழுத்துக் கருவியும் மற்றவையும்

கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் இடத்தைத் தூண்ட, மார்பில் பேஸ்மேக்கர் போன்ற பெட்டி வைக்கும் முறை ஒன்று. 2011-ல் வந்த முதல் பெரிய ஆய்வு தன் இலக்குகளில் சிலவற்றை எட்டவில்லை, அறுவை தொடர்பான பாதுகாப்பு இலக்கும் அதில் அடக்கம். அடுத்த தலைமுறைக் கருவிக்கு அமெரிக்காவில் 2019-ல் கிடைத்த அனுமதி இதயச் செயலிழப்புக்கு, பிபிக்கு இல்லை. பேட்டரி தீர்ந்தால் மறுபடி கத்தி.

இடுப்புப் பக்கம் தமனியையும் சிரையையும் இணைத்துவிடும் சின்ன உலோகத் துண்டு இன்னொன்று. பிபி நன்றாகவே குறைந்தது. ஆனால் 2015 ஆய்வில் அதை வைத்துக்கொண்ட 42 பேரில் 12 பேருக்கு அந்தச் சிரை சுருங்கியது. இன்று இதைப் பரிசீலிக்க வேண்டியதில்லை.

இந்த வகையில் ஏதாவதை யாராவது உங்களுக்குச் சொன்னால், "இது ஆய்வா?" என்று நேராகக் கேளுங்கள். ஆய்வு என்றால் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் மொழியில் சம்மதப் படிவமும் இருக்க வேண்டும். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உங்கள் உரிமை.

## ஒரே பார்வையில்

| வழி | கூடுதலாகக் குறைவது (சராசரி) | நிறுத்த முடியுமா | பிறகு வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஸ்பைரனோலாக்டோன் | சுமார் 9 புள்ளி | உடனே | பொட்டாசியம் பரிசோதனை | சிறுநீரகம் நன்றாக உள்ள பெரும்பாலோர் |
| ரீனல் டிநெர்வேஷன் | 4 முதல் 6 | முடியாது | தொடரும் மாத்திரை, டாப்ளர் | நாலாவது மாத்திரை ஒத்துவராதவர் |
| சிபேப் | சுமார் 3 | எப்போதும் | முகமூடி, ஃபில்டர் | தூக்கத்தில் மூச்சு நிற்பவர் |
| தமனி பலூன், ஸ்டென்ட் | கொழுப்பு அடைப்பில் சுமார் 2 | முடியாது | ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமைக்கு மாத்திரை | அடைப்பின் காரணத்தைப் பொறுத்து |

இவை வேறு வேறு ஆய்வுகளின் எண்கள், அளந்த விதமும் ஒன்றில்லை. ஏறத்தாழ எந்த வரம்பில் நிற்கின்றன என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

## பணமும் மெடிக்ளெய்மும்

டிநெர்வேஷனில் பில்லின் பெரும்பகுதி ஒரே ஒரு முறை பயன்படும் கேதீட்டருக்குப் போகிறது, மொத்தம் லட்சங்களில் வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனங்கள் விலக்கக் கூடாது என்று 2019-ல் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. அதில் இது இல்லை. அதனால் "மெடிக்ளெய்மில் வந்துவிடும்" என்று பில்லிங் கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி அட்மிட் ஆகாதீர்கள். சிகிச்சையின் பெயர், கேதீட்டரின் விலை இரண்டையும் தனித்தனியாக எழுதி முன் அனுமதி வாங்குங்கள். ஏதாவது தொகை வெட்டுவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு கேஇஎம், நாயர், சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகள் இருக்கின்றன. வரிசை நீளம்தான். ஆனால் அங்கே கேஸ் பேப்பர் எடுத்து உட்காரும் டாக்டருக்கு உங்களுக்குக் கேதீட்டர் விற்க வேண்டிய அவசியம் இல்லை. கார்டியாலஜிஸ்ட் மட்டும் பார்த்திருந்தால், சிறுநீரக நிபுணரான நெஃப்ராலஜிஸ்ட்டையும் பாருங்கள். போகும்போது ஏழு நாள் வீட்டு அளவு, எல்லா மாத்திரை அட்டைகளும், வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அங்கே கேட்க வேண்டியவை: ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை ஆகிவிட்டதா? ஸ்பைரனோலாக்டோன் ஏன் இவருக்கு வேண்டாம்? நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்? ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள், அதற்கான டாப்ளரும் மானிட்டரும் இந்த எஸ்டிமேட்டுக்குள் வருமா?